விழாது என்று கட்டில் காக்கா சொன்ன வேம்பு

ஒரு வேப்ப மரம் விழாது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பயந்து, ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுவதும் நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே படுத்தேன். வயது ஐம்பதைத் தாண்டியவன். காற்றைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் தடித்த புத்தகங்கள் வாசித்தவன். மேசை சின்னது, கால்கள் வெளியே கிடக்கும். மரம் விழுந்தால் முழங்காலுக்குக் கீழே மட்டும் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

விழும் என்று சொன்னால் அல்லவா பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். சொன்னவர் கட்டில் காக்கா; மூத்த அண்ணன்மாரை எங்கள் ஊரில் காக்கா என்போம். புத்தளம் கரையில் மரங்களைப் பற்றி அவரைப் போலப் பிழையாகக் குறி சொன்ன மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

வீட்டுக் கூரைக்கு மேலே நீண்டுவிட்ட கொப்புகளை வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். கைவேலையில் குறை சொல்ல முடியாது. கயிற்றில் கட்டி இறக்கினால் ஒரு ஓடு அசையாது. கோளாறெல்லாம் மரத்தில் ஏறுவதற்கு முன்னால்தான். மற்ற மரம் வெட்டுகிறவர்கள் வளவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவார். கொப்பு எந்த அறைக்கு மேலே நிற்கிறதோ அந்த அறைக் கட்டிலில் ஏறி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கழுவிக் கிடத்திய மையத்து மாதிரி மல்லாந்து கிடப்பார்.

"கீழ நிண்டு பாத்தா மரந்தான் தெரியும்" என்பார். "அது யாருக்கு மேல வரப்போகுதோ, அவர்ர இடத்துல கெடந்து பாக்கணும்."

ஒரு புது மாப்பிள்ளை வெளியே போய்விட்டு அறைக்குத் திரும்பினால், கல்யாண விரிப்பின் மேலே முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரர் கிடக்கிறார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள், கண்ணை மூடியபடியே அவர் சொன்னாராம், "சத்தம் போடாதீங்க தம்பி. கொப்புப் பாக்கிறன்."

எங்கள் மீன் முதலாளி வீட்டில் கழிவறைக்கு மேலே ஒரு தென்னை சாய்ந்து நின்றது. அங்கே படுக்க முடியாது. ஆகவே காக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இருந்தவர்கள் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள். கடைசியில் வெளியே வந்து, "இது உலகம் அழியிற கியாமத்து நாள் வரைக்கும் நிக்கும்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரத்தில், தென்னை கழிவறைக்கு மேலே நேராகப் படுத்துக்கொண்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நேரத்துக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்ததால் முதலாளி தப்பினார்.

சந்தியில் நிற்கும் புளிய மரத்தை, இன்றைக்கோ நாளைக்கோ என்று காக்கா சொன்ன காலத்தில் எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. மரம் அப்படியே நிற்கிறது.

ஊர் சீக்கிரமே கணக்கைப் புரிந்துகொண்டது. காக்கா "விழும்" என்றால் அவருக்குச் சீனி கூடப் போட்டு ஒரு பிளேன்டீ. "நிக்கும்" என்றால் கட்டிலை அடுத்த அறைக்கு இழுத்துவிட வேண்டியது.

எங்கள் வீட்டில் அப்படி இழுக்க முடியாத ஒரு கட்டில் இருந்தது. அதில் என்னைப் பெற்ற வாப்பா கிடந்தார். உப்பளத்தில் ஓவசியராக இருந்தவர். பாரிசவாதம் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது, நாக்கை விட்டுவிட்டது. அந்த நாக்கால் ஊர் முழுவதோடும் சண்டை பிடித்து முடித்திருந்ததால், பார்க்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் யன்னல். யன்னலுக்கு வெளியே வேம்பு. அதன் ஒரு கொப்பு, ஆளின் இடுப்பளவு தடிப்பில், வாப்பாவின் நெஞ்சுக்கு நேரே கூரைக்கு மேலே நீண்டு கிடந்தது. கச்சான் தொடங்கியதும் அது முனகத் தொடங்கியது.

"வாப்பா, அடுத்த அறைக்குப் போவோம்" என்றேன்.

"என்னத் தூக்கிறதெண்டா மையத்தாக்கி சந்தூக்குல வெச்சுத் தூக்கு."

"அப்ப கொப்பையாவது வெட்டுவோம்."

"அத வெட்டினா யன்னலால நான் என்னத்தப் பாக்கிற? உன்ட மூஞ்சையா?"

வேறு வழியில்லாமல் கட்டில் காக்காவைக் கூப்பிட்டேன். என் திட்டம் எளிமையானது. அவர் வருவார், படுப்பார், விழும் என்பார், நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம்.

வந்தவர் சலாம் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். கட்டிலில் ஆள் இருந்தது. அவருடைய தொழிலில் இப்படி ஒரு சிக்கல் அதுவரை வந்ததில்லை.

"என்ன நிக்கிற?" என்றார் வாப்பா. "மரம் பாக்க வந்தியா, மையத்துப் பாக்க வந்தியா?"

"கட்டில் வேணும் ஹாஜியார்."

"நான் எழும்பிற மாதிரியா ஈக்கிறன்? செவரோரம் தள்ளி விடு. நீ இந்தப் பக்கம் படு."

தள்ளிவிட்டோம். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்லுது?" என்று வாப்பா கேட்டார்.

"கரகரண்டு ஒரு சத்தம் கேக்குது."

"அது என்ட நெஞ்சு."

காக்கா தூங்கிப்போயிருந்தார். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னதும் எழும்பி, "நிக்கும். ஒண்டும் ஆகாது" என்றார். என் மனைவியின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அன்றைக்கே பிள்ளைகளை வண்ணாத்திவில்லுக்கு, மாமி வீட்டுக்கு அனுப்பினோம். நான் மேசைக்குக் கீழே இடம்பெயர்ந்தேன்.

"காக்கா, ஒருக்கா மட்டும் விழும் எண்டு சொல்லுங்க" என்று அவரைக் கெஞ்சினேன்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா தம்பி?" என்றார். பிறகு இரக்கப்பட்டோ என்னவோ, "நாளைக்கு வந்து இன்னொருக்காப் பாக்கிறன்" என்றார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து படுத்தால் அஸர் வரைக்கும் கொப்புப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் தீர்ப்பு ஒன்றுதான். ஊரில் கொப்பு வெட்டுகிறவர்களுக்குக் கை நிறைய வேலை இருக்கும் பருவம் அது.

"முதலாளிட தென்னை விழுந்திச்சே, வெக்கமில்லையா உனக்கு?" என்று வாப்பா தொடங்குவார்.

"அது என்ட பிழையில்ல ஹாஜியார். தென்னை அவசரப்பட்டுட்டு."

அப்படி ஒரு நாள் ஒரு சத்தம் கேட்டது. கொப்புதான் முறிகிறது என்று நான் மேசைக்குக் கீழே பாய்ந்தேன். வாப்பா சிரித்த சத்தம் அது. கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்தக் காற்றுக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் விமானமேறி ஆலங்குடாவுக்கு வந்து, காசு கொடுத்துக் கடலில் பலகை மேலே நின்று பட்டம் பிடிக்கிறார்கள். எங்களுக்கு அது இலவசமாக வந்து தகரத்தையும் தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும். அந்த வருசம் வேலிகள் போயின, முருங்கைகள் போயின, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டிலின் கூரை எங்கள் கிணற்றடிக்குக் குடி வந்தது. வேம்பு முனகிக்கொண்டே நின்றது. பிறகு காற்று ஓய்ந்தது. நான் மேசையை விட்டு வெளியே வந்தேன்.

ஓர் இலைகூட அசையாத ஒரு பகலில், உள்ளேயிருந்து காக்கா மெதுவாகக் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் வாங்க. ஹாஜியாரோட கதைச்சன். பதிலக் காணல்ல."

போய்ப் பார்த்தேன். வாப்பாவின் நல்ல கை காக்காவின் சட்டையைப் பிடித்தபடி இருந்தது. ஆட்கள் வந்து அந்தக் கையை எடுத்துவிடும் வரைக்கும் காக்கா அசையாமல் பக்கத்திலேயே கிடந்தார்.

அடக்கிவிட்டுத் திரும்பியபோது அவர் வேம்புக்குக் கீழே நின்றார். அவர் வளவில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

"நிக்கும் எண்டு சொன்னன். நிக்குது" என்றார். தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சரியாகச் சொன்ன மனிதனின் முகமாக அது இல்லை. "மேலயே பாத்துக்கொண்டு கெடந்துட்டன் தம்பி. பக்கத்துல பாக்கல்ல."

வாப்பாவின் பேரில் கத்தம் ஓதி முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். கட்டிலைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடலாம் என்று தொடங்கி, அந்த மனிதரைப் பற்றி மனைவியிடம் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். வேலையையும் வருமானத்தையும் விட்டுவிட்டு, பேச ஆளில்லாமல் கிடந்த ஒரு கிழவருக்காக நாள் தவறாமல் வந்தார் பார், இப்படி ஒருவரை இனி எங்கே காண்போம் என்றேன்.

அவள் வாப்பாவின் கட்டிலில் தோய்த்துக் காய்ந்த விரிப்பை விரித்து, மூலைகளை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

"கட்டில எங்கயும் குடுத்திராதீங்க" என்றாள். "காக்காட ஊட்டுல கட்டிலே இல்ல. நான் போய்ப் பாத்திருக்கிறன், பாய்தான். கொப்புப் பாக்கிறாராம், கொப்பு."