குலசாமிக்கு வந்த காலிப் பொட்டலம்

பாலக்கோடு பஸ்ஸில் தக்காளிக் கூடைக்கும் கம்பிக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. கையில் உளவியல் முதுகலைப் பாடப்புத்தகம். அத்தியாயம், இருத்தலியல் சிகிச்சை. நம் வாழ்க்கையை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம், அந்தப் பொறுப்பை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது என்றது அது. அடடா, எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இது தெரியாதே என்று பதறிப்போனேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டேன். "தோசையா, உப்புமாவா?" என்ற அம்மாவிடம், "அது உன் சுதந்திரம்மா" என்றேன்.

"அப்ப நீயே செஞ்சுக்க. அது உன் பொறுப்பு" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டாள். (அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.)

அடுத்த வாரம் அக்காவுக்கு ஏரியூர் சம்பந்தம் வந்தது. குலசாமி கோயிலில் பூ கேட்காமல் அப்பா எந்தச் சம்பந்தத்துக்கும் தலையாட்ட மாட்டார். இலைப் பொட்டலம் ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. பூசாரி எடுப்பதில் வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டும் வேலை என்னுடையது.

அன்று காலை அக்கா என்னைத் தனியாக இழுத்துப்போனாள். "எனக்கு அவரைப் புடிச்சிருக்குடி. ரெண்டுலயும் வெள்ளையே வெச்சிரு."

"அப்பாகிட்ட நீயே சொல்லுக்கா. முடிவைப் பூ மேல தள்ளுறது உன்னையே ஏமாத்திக்கிறது."

"அடி தாயே, உன் பாடத்த அப்புறம் நடத்து. வெள்ளை. ரெண்டுலயும்."

தலையாட்டினேன். ஆனால் எனக்குள் இருந்த சிகிச்சையாளர் சும்மா இருக்கவில்லை. இரண்டையும் காலியாகவே கட்டினேன். சாமி கைவிரித்தால் அக்கா வாய் திறந்துதானே ஆக வேண்டும்?

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெறும் இலை. மற்றதையும் பிரித்தார். "முப்பது வருசத்துல இப்படிப் பார்த்ததில்லீங்க" என்று இரண்டடி பின்னால் போனார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அக்கா என்னைப் பார்த்தாளே தவிர, வாய் திறக்கவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பூ வெச்சியா, இல்லியா?"

இதோ, புத்தகம் சொன்ன அந்தத் தருணம். முழுச் சுதந்திரம், முழுப் பொறுப்பு.

"வெச்சேம்ப்பா" என்றேன்.

"மறுபடி கேக்கலாமாங்க?" என்றாள் அம்மா.

"சாமி ஒருக்கா வாய மூடிக்கிச்சுன்னா நாம தொறக்கக் கூடாது" என்ற அப்பா, கோயில் வாசலிலேயே ஏரியூருக்குப் போன் போட்டார். "தப்பா நெனைக்காதீங்க. இது நம்ம கையில இல்லீங்க."

அக்கா என்னிடம் பேசி ஒரு மாதமாகிறது. காட்டிக்கொடுக்கவும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அப்பாவுக்கோ அந்தக் காலிப் பொட்டலம் கேலிப் பேச்சாகிவிட்டது. சர்க்கரை டப்பா காலியாக இருந்தால், "இதுலயும் சாமி ஒண்ணும் வெக்கலியா?" என்பார். அம்மா சிரிப்பாள். அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள். மனிதர்கள் அடிப்படையில் தனியானவர்கள் என்றும் அந்த அத்தியாயத்தில் ஒரு பகுதி உண்டு. பரீட்சைக்கு அதை நான் படிக்கத் தேவையே இல்லை.

வரும் வெள்ளிக்கிழமை ஏரியூர்க்காரர்கள் வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம். "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று இதுவரை நான்கு முறை ஆரம்பித்து, நான்கு முறையும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் காலையில் அவர் தோட்டத்துக்குக் கிளம்பும் முன், முதலில் அவருடைய செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, சொல்லிவிடப் போகிறேன். அதற்கப்புறம் முழுசாக இருந்தால், ஏரியூர் பஸ்.