கணக்கெடுப்பு நாளும் வெள்ளை வாத்தும்

“என்னங்க, வாத்து கூண்டுல இல்ல!”

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கத்தியபோது, காப்பாளர் சீருடைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம், சதுப்பு நிலத்தின் நட்ட நடுவில், புதுத் தலையணை உறை மாதிரிப் பளிச்சென்று மிதந்துகொண்டிருந்தது வாத்து.

ஓடைகளையும் சதுப்புகளையும் வாங்கி, யாரும் கை வைக்காமல் பாதுகாக்கும் அறக்கட்டளையில் அவருக்குக் காப்பாளர் வேலை. சதுப்பின் ஓரத்திலேயே வீடும் கொடுத்திருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். வீட்டில் வளர்க்கும் எதுவும் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் வேலையும் போகும், வீடும் போகும். அதிலும் இன்று பறவைக் கணக்கெடுப்பு. அறக்கட்டளைத் தலைவரே வருகிறார்.

“அப்பவே சொன்னேன், வாத்தெல்லாம் வேண்டாம்னு.”

“எங்க அண்ணன் கொடுத்ததுன்னாலே உங்களுக்கு இளக்காரம். உங்க தம்பி கொடுத்த ரேடியோ வாயே திறக்காம அலமாரியில உக்காந்திருக்கு. நான் ஏதாவது சொன்னேனா?”

“அது தண்ணியில இறங்கலையே!”

ஊறவைத்த கோதுமைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு காப்பாளர் சேற்றில் இறங்கினார். தொபுக்கென்ற சத்தத்தில் நாரை, கொக்கு, காட்டு வாத்து எல்லாம் ஒரே வீச்சில் எழும்பி, வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மரங்களுக்கு அப்பால் போய் மறைந்தன. கணக்கெடுக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு பறவை. அது ஆசை ஆசையாக வந்து கோதுமை தின்றது.

வாத்தைக் கையில் பிடித்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. வீட்டுப் பக்கமோ வேலிப் பக்கமோ போனால் வேனில் இருப்பவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

“சேறு!” வேலிக்குப் பின்னாலிருந்து மனைவி கிசுகிசுத்தாள். “சேத்தை அள்ளிப் பூசுங்க. பழுப்பா இருந்தா யாருக்குத் தெரியும்?”

அவசர அவசரமாகத் தலை, கழுத்து, முதுகெல்லாம் பூசி, நாணல் பக்கம் தள்ளிவிட்டுக் கரையேறினார்.

தலைவர் வந்தார். கூடவே கணக்கெடுக்கும் டீச்சரம்மாவும், குடை பிடித்தபடி டிரைவரும்.

“என்ன, ஒரு பறவையும் காணோம்?” என்றார் தலைவர்.

“இப்பதான் சார் கிளம்பிப் போச்சு.”

“எங்கே?”

“சொல்லிட்டுப் போகலை சார்.”

“ஷ்ஷ்!” டீச்சரம்மா தொலைநோக்கியைத் தூக்கினார். “நாணலோரம் பாருங்க, பழுப்பு வாத்து! இப்படி ஒரு இனத்தை நான் பார்த்ததே இல்லை.”

வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டு நாணலுக்குப் பின்னால் போனது. மறுபக்கம் வெளியே வந்தபோது தலை வெள்ளை.

“ஐயோ, இன்னொண்ணு! வெள்ளைத் தலை! ஜோடியா வந்திருக்கு சார்!”

மறுபடி முங்கியது. மறுபடி நாணல். இந்தத் தடவை கழுத்தும் வெள்ளை.

“குஞ்சும் இருக்கு!” டீச்சரம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது. “குடும்பத்தோட குடியேறியிருக்கு!”

“காலையில கூண்டைத் திறந்துக்கிட்டுப் போனது, அதுக்குள்ள குடும்பமா?” என்று வேலிக்குப் பின்னால் மனைவி முணுமுணுத்தாள்.

இதற்கு மேல் விட்டால் பேரன் பேத்தி வரை போய்விடும். விரட்டிவிடலாம் என்று காப்பாளர் படபடவென்று கை தட்டினார்.

தட்டிய பிறகுதான் நினைவு வந்தது. தினமும் அவர் கை தட்டித்தான் வாத்துக்குச் சாப்பாடு போடுவார்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது வாத்து. ஒட்டியிருந்த சேறெல்லாம் கரைந்து, கரையேறும்போது முழு வெள்ளையாக இருந்தது. நேராக வந்து அவருடைய கால்சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது. “குவாக்?” என்றது, கிண்ணம் எங்கே என்று கேட்பது போல.

காப்பாளர் மனதுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“பாத்தீங்களா டீச்சர்? மனுஷன் காலடிக்கே பறவை வருதுன்னா, இந்தக் காப்பாளர் மேல எவ்வளவு நம்பிக்கை இருக்கணும்! இதுக்குத்தானே நாம பாடுபடறோம்?”

“எத்தனைன்னு எழுதட்டும் சார்?”

“எழுத வேண்டாம். வெளியே தெரிஞ்சா வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிடும். பாவம், நிம்மதியா இருக்கட்டும். போன பறவையெல்லாம் திரும்பி வரும், அடுத்த வாரம் எண்ணிக்கலாம்.” காப்பாளர் தோளைத் தட்டினார். “மேல இருக்கிற ஓடையையும் நீங்களே பாத்துக்கங்க.”

வேன் கிளம்பியதும் மனைவி வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். வாத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணன் கொடுத்த வாத்தால உங்களுக்கு ஓடையே வந்திருக்கு, தெரியுதா?”

“போடி. அவ்வளவு நல்ல மனுஷனை ஏமாத்திட்டோமேன்னு இருக்கு எனக்கு.”

வளைவில் வேன் நின்றது. டிரைவர் மட்டும் இறங்கி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“சார், தலைவர் சொல்லிட்டு வரச் சொன்னார். அடுத்த தடவை வாலை விட்டுடாதீங்களாம். அவர் இந்த வீட்டுல காப்பாளரா இருந்தப்போ, வாலுக்குத்தான் முதல்ல சேறு பூசுவாராம்.”