மாப்பிள்ளை பட்டை உரித்த மாமரம்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் மோதிரம் போடலாம், மூன்று வேளை விருந்து போடலாம். கையில் கத்தியை மட்டும் கொடுக்கக் கூடாது. அதிலும் தாவரவியல் படித்த மாப்பிள்ளை என்றால் கத்தி இருக்கும் அறையையே பூட்டி வைப்பது உத்தமம்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தலை தீபாவளி. நான் மாயவரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாம் வகுப்பில் தேறிய பி.எஸ்ஸி. (பெண் பார்க்கப் போனபோது வகுப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.) மாமனார் வீடு காரைக்காலுக்குப் பக்கத்தில் வரிச்சிக்குடி.

அங்கே கொல்லையில், மாமனார் கொட்டை போட்டு வளர்த்த மாமரம் ஒன்று தளதளவென்று ஓட்டுக்கு மேலே ஏறி நின்றது. ஆனால் ஒரு பூ கூடப் பூத்ததில்லை. காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் சாமி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். அதில் தன் மரத்துப் பழத்தை வீச வேண்டுமென்பது மாமனாரின் வேண்டுதல். வருஷா வருஷம் கடைப் பழத்தைத்தான் வீசிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நீங்க இதத்தானே படிச்சிருக்கீங்க? இது ஏன் காய்க்க மாட்டேங்குது?"

யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே மூன்று வருஷம் படித்தேன்!

"மரம் வரவு செலவு பாக்கும் மாமா. வளரணுமா, புயல் பூச்சிக்குத் தாங்கற மாதிரி சேத்து வெச்சுக்கணுமா, காய்க்கணுமான்னு. நீங்க எரு கொட்டிக் கொட்டி, அது கவலையே இல்லாம வளந்துகிட்டே இருக்கு. கொஞ்சம் பயம் காட்டணும்."

"நம்ம சின்னவன் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் மாமியார். சின்னவன் என் மைத்துனன். வேலைக்குப் போகாமல் தளதளவென்று இருந்தான்.

கிளையில் விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்தால் பூக்கும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கிளைக்கு விரல் என்றால் அடிமரத்துக்கு ஒரு சாண் என்று நானாகவே முடிவு செய்தேன். எல்லோரும் தீபாவளிச் சாப்பாட்டின் மயக்கத்தில் தூங்க, சுற்றி ஒரு சாண் பட்டையை உரித்து, சாணி அப்பி, சாக்கைக் கட்டினேன். நான் சொல்லும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாதென்று உத்தரவும் போட்டேன்.

தை பிறந்ததும் மாமனார் பஸ் பிடித்து மாயவரத்துக்கே வந்துவிட்டார். "மாப்ள, இலையே தெரியல! அம்புட்டும் பூ!"

ஆனியில் கூடை கூடையாகப் பழம் இறங்கியது. பழமென்றால், எலுமிச்சைக்கு அண்ணன் அளவு. மாங்கனித் திருவிழா அன்று, தெரிந்தவர் வீட்டு மாடியில் நின்று மாமனார் ஒவ்வொன்றாக வீசினார். ஒவ்வொன்றுக்கும், "எங்க மாப்ள காய்க்க வெச்சது!" என்று சாமிக்கே கேட்கும்படி கூவினார். கூட இருந்த, பூவம் என்ற பக்கத்து ஊர் உறவினர், தன் வீட்டுப் பலாமரத்தையும் வந்து பார்க்கச் சொன்னார். ஆடியில் வருவதாக, பெரிய டாக்டர் போல நாள் கொடுத்தேன்.

ஆடியில் கத்தியும் பையுமாகக் கிளம்பி, முதலில் வரிச்சிக்குடியில் இறங்கினேன். கொல்லை முழுக்கச் சருகு. மரம் மொட்டையாக நின்றது. மாமியார் கையில் அவிழ்த்த சாக்கு.

"மாப்ள, இங்க இருந்த பட்டை எங்க?"

இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். நான் அந்த வழியையே அறுத்திருந்தேன். மேலே பந்தி, கீழே பட்டினி. இதைச் சொல்லி ஒப்புக்கொண்டேன்.

மாமனார் மரத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப அது சந்தோஷமா காய்க்கலையா மாப்ள?"

"இல்ல மாமா... சாகப்போறோம்னு இருக்கறதையெல்லாம் விதைக்குக் குடுத்துருக்கு."

"கொட்டை போட்ட மரம். இன்னும் கொஞ்சம் வயசாவட்டும், உடம்புல தெம்பு சேரட்டும்னு இருந்துருக்கும். நாமதான் பொறுக்கல" என்றார் மாமியார். 'நாம' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

அன்று மதியம் விருந்து இல்லை. ரசமும் அப்பளமும்தான். பூவத்துக்கு நான் போகவில்லை, பலாமரம் பிழைத்தது.

சில வருஷங்கள் கழித்து, மாமனார் திடீரென்று நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துத் தருவதாகச் சொன்னார். மாமியார் நேரே போய் அவர் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். "ஏங்க, மாப்ள உங்க பட்டையையும் உரிச்சுட்டாரா?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது வழக்கமில்லாமல் வாரிக் கொடுத்தால் அதே கேள்விதான். போன தீபாவளிக்கு மனைவி கேட்காமலேயே பட்டுப் புடவை வாங்கி வந்தேன். அவள் புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"சட்டையக் கழட்டுங்க" என்றாள்.