ஐந்தாம் வண்டியின் பேய்

தைவானின் அந்த விமான நிலையத்தில் நான்காம் எண் வண்டி கிடையாது. அவர்கள் மொழியில் நாலு என்றால் சாவு என்பதுபோல் ஒலிக்கும், ஆகாத எண். ஆகவே பயணிகளின் பெட்டிகளை விமானத்துக்கு இழுத்துச் செல்லும் டிராக்டர்களில் மூன்றுக்குப் பிறகு நேராக ஐந்து. இவ்வளவு முன்ஜாக்கிரதை இருந்தும், பிரேக் போட்டு நிறுத்தியிருந்த ஐந்தாம் வண்டி தானாக உருண்டு ஓட்டுநர் தியான்ஃபுவின் காலை நசுக்கிவிட்டது.

எப்படி? பேயோட்டும் யூலெய் குரு வந்து விளக்கினார்.

"அஞ்சுன்னு பேரு மாத்திட்டா ஆச்சா? மூணுக்கு அடுத்தது நாலுதானே? பேய்க்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

கூட்டம் வாயைப் பிளந்தது. கணக்குப் படித்த பேய்! போதாததற்கு இது ஏழாம் மாதம், பேய்களெல்லாம் கட்டவிழ்ந்து திரியும் மாதம். அன்றே குருவின் மஞ்சள் மந்திரத்தாளுக்கு அடிதடி. பெட்டி ஏற்றுகிறவர்கள் வாங்கினார்கள், கழிவறை கழுவுகிறவர்கள் வாங்கினார்கள், சுங்க அதிகாரி ஒருவர் ஆள் அனுப்பி வாங்கினார். ஒட்டினால் போதும், வண்டி அசையாது. அசைந்தால்? வாங்கியவரின் நம்பிக்கையில் கோளாறு. தாளில் கோளாறு வந்ததாகச் சரித்திரமே இல்லை.

கும்பிடாமல் நின்றது சியூலுவான் ஒருத்திதான். தியான்ஃபுவோடு ஒரே ஷிஃப்டில் வண்டி ஓட்டியவள். அவன் காலைச் சக்கரத்தின் அடியிலிருந்து எடுத்த கைகளில் இரண்டு அவளுடையவை.

விபத்தை விசாரித்தவர் பிரிவுத் தலைவர் கோ. எந்திரம் சமர்த்தாக இருக்க அதன் மேல் பச்சைப் பொட்டலத்துச் சோளப்பொரி வைப்பது இந்த ஊர்ப் பழக்கம். பச்சைதான் வைக்க வேண்டும்; மஞ்சள் வைத்தால் எந்திரம் முரண்டு பிடிக்கும். தேதி முடிந்த பொரியை வைத்தால் கோபித்துக்கொள்ளும். கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்தாம் வண்டியின் பொட்டலத்தைப் படித்தார். தேதி முடிந்திருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான்: பொட்டலத்தை மாற்றத் தவறிய தியான்ஃபு. அவன் கவனக்குறைவு, ஆகவே இழப்பீடு கிடையாது. பொரியின் தேதியைப் பார்த்த தலைவருக்குப் பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"தலைவரே, பிரேக் பிடிக்கலன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்றாள் சியூலுவான்.

"அதுக்குத்தாம்மா குருவக் கூப்பிட்டிருக்கேன். பூஜை முடிஞ்சதும் சாயங்கால விமானத்துக்கு நீதான் அஞ்ச எடுக்கணும்."

"புது பிரேக் போடச் சொன்னா, சாமியாரப் போடுறீங்க."

"பிரேக்குக்கு மேலிடத்துல அனுமதி வாங்கணும். குருவுக்கு வேண்டாமே!"

பூஜை வண்டிகள் நிறுத்தும் முற்றத்தில் நடந்தது. மழைத் தண்ணீர் வடிவதற்காக லேசாகச் சரிந்த தரை. குருவின் பட்டு அங்கிக்கு மேல் ஒளிரும் பாதுகாப்புச் சட்டையை மாட்டிவிட்டார்கள், விதி விதிதானே! பட்டாசுக்குத் தடை என்பதால் கைப்பேசியில் பட்டாசுச் சத்தம் போட்டார்கள். பேய்க்கு வித்தியாசம் தெரியாதாம். எண்ணத் தெரிந்த பேய்க்குக் காது மட்டும் மந்தம் போலும்.

முதலில் பேயைக் காட்ட வேண்டுமே! பிரேக் போட்ட வண்டியை விட்டு எல்லோரையும் விலகச் சொன்னார் குரு. வண்டி மெல்ல முன்னே ஊர்ந்தது. "ஐயோ!" என்றது கூட்டம். இரண்டு சீடர்கள் அதைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். சிவப்புத் துணியைத் தரை தொடும்படி வண்டியின் மேல் போர்த்தினார்கள். ஒரு சீடன் பின்சக்கரத்தருகே மண்டியிட்டு, துணிக்குள் தலையை விட்டு உருக்கமாக வணங்கினான். குரு மணியடித்து மந்திரத்தாளை ஒட்டினார். சீடர்கள் கையை எடுத்தார்கள்.

வண்டி அசையவில்லை.

குரு பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டை வீசித் தெய்வத்தின் சம்மதம் கேட்டார். இல்லை என்று விழுந்தது. மறுபடி வீசினார். இல்லை. மூன்றாம் முறை தெய்வத்துக்கே அலுத்துவிட்டது, சம்மதித்தது. கூட்டம் மடமடவென்று தரையில் தலை வைத்து வணங்கியது. கோ பணம் வைத்த சிவப்பு உறையை இரு கைகளாலும் நீட்டினார்.

"குருவே, ஒரு சின்ன வேண்டுதல்" என்றாள் சியூலுவான். "சாயங்காலம் இத ஓட்டப் போறது நான். பயமா இருக்கு. நீங்க ஒரு தடவ வண்டிக்கு முன்னால நின்னு காட்டுனா தைரியம் வரும்."

"இவ்வளவுதானா, மகளே?" குரு கம்பீரமாக நடந்து வண்டியின் முன் நின்று கண்ணை மூடினார். மலை போல நின்றார். கைதட்டல் ஓயவே இல்லை.

சியூலுவான் பின்பக்கம் போய், துணியைத் தூக்கி வண்டியின் மேல் போட்டாள். சக்கரத்துக்கு முன்னால், சமர்த்தாக, கயிறு கட்டிய ஒரு மரக்கட்டை.

"யாருப்பா இங்க கட்டையச் சொருகினது? தாள் ஒட்டியாச்சே, இது எதுக்கு தெண்டமா? எடுத்துடறேன் குருவே, நீங்க அப்படியே நில்லுங்க."

அவள் கட்டையின் கயிற்றைத் தொட்டாள். அவ்வளவுதான். மலை பறந்தது. அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு குரு தாண்டிய தாண்டில், படையல் மேசையிலிருந்த அன்னாசி உருண்டது. வண்டி இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை!

"குருவே, நம்பிக்கையில கோளாறா?" என்று யாரோ கேட்டார்.

முன்னால் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு சியூலுவான் கட்டையை உருவினாள். மந்திரத்தாளைச் சுமந்தபடி வண்டி ஊர்ந்து, மேசையில் மோதி, வறுத்த பன்றியைக் கவிழ்த்துவிட்டு நின்றது. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு முற்றமே சிரித்தது. அந்தச் சத்தத்தில் குருவின் கார் கிளம்பியது கேட்கவில்லை.

அவள் இரண்டு பேரோடு சேர்ந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டையைப் போட்டாள். "தலைவரே, இப்ப நீங்க வந்து நில்லுங்க. கட்டைய எடுக்கறேன்."

கோ ஓரடி பின்வாங்கினார். "என்ன வெளையாட்டா? பிரேக் பிடிக்காத வண்டிம்மா!"

சிரிப்பு நின்றுவிட்டது.

"இத்தன பேரு கேட்டாங்க தலைவரே. தியான்ஃபு விசாரணையிலயும் இதையே எழுதுங்க. அதுவரைக்கும் இந்த வண்டிய ஒருத்தரும் எடுக்க மாட்டோம்."

ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக அவள் பக்கம் போய் நின்றார்கள். கோ எழுதினார். தியான்ஃபுவுக்கு இழப்பீடு கிடைத்தது. வண்டிக்குப் புது பிரேக்கும் வந்தது. மேலிடத்து அனுமதி இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று தலைவருக்கே தெரியாது.

புது பிரேக் போட்ட மறுநாள் காலை சியூலுவான் வேலைக்கு வந்தபோது அந்த மரக்கட்டையின் மேல் யாரோ பச்சைப் பொட்டலம் ஒன்றை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் தேதியைப் பார்த்தாள். நல்ல பொரிதான். பிரித்துத் தின்றுகொண்டே வண்டியில் ஏறிப் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள்.

குரு தன் காலை வைக்க அஞ்சிய இடத்தில் தலையை வைத்து வணங்கினீர்களே ஐயா, அந்தத் தலை எதற்காக இருக்கிறது என்று ஒரு முறையாவது யோசித்ததுண்டா?