கரடியார் வைத்த ஒற்றுமைத் தொட்டி

ஒரு காட்டில் என்று தொடங்கும் கதைகளில் சிங்கத்துக்கு இடமுண்டு, நரிக்கு உண்டு, தவளைக்குக்கூட உண்டு. தொட்டியில் கடைசியாக உண்ணும் பெண் மீனுக்கு மட்டும் இருந்ததில்லை. ஆகவே இந்தக் காட்டில் அவளே நாயகி. பெயர் சாம்பல்.

அங்கே கரடியார் பல் மருத்துவமனை நடத்திவந்தார். டோக்கனோடு காத்திருக்கும் விலங்குகளின் நடுக்கம் தணிய, வரவேற்பறையில் சண்டைக்குப் பேர்போன ஃபைட்டர் மீன் வளர்த்தார். ஒரு கண்ணாடித் தொட்டியில் தோகை வால் விரித்த ஆண் மீன் தனியாக வசித்தான். இன்னொன்றில் பெண்கள் ஐவர்: மாந்தளிர், மயில்கழுத்து, அரக்கு, வெந்தயம், சாம்பல். பார்ப்பதற்குப் பட்டுப்புடவைக் கடை. மாந்தளிர் மயில்கழுத்தைக் கடிப்பாள், மயில்கழுத்து அரக்கை, அரக்கு வெந்தயத்தை, வெந்தயம் சாம்பலை. சாம்பலுக்குக் கடிக்க ஆளில்லை. அதனால் நல்லவள் என்று பெயரெடுத்திருந்தாள்.

நல்ல பெயர் வயிற்றை நிரப்பவில்லை. இரை விழும்போதெல்லாம் அவளை விரட்டினார்கள். வால் கந்தலாயிற்று. தொட்டியின் அடியில் கிடந்த உடைந்த மண்சட்டிக்குள் ஒளிந்து உயிர் காத்தாள்.

"என்ன ஒத்துமை பாருங்க! ஓடிப் புடிச்சு விளையாடுதுங்க," என்றது முள்ளம்பன்றி, வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி.

தொட்டியைத் துடைக்க வந்த கரடியாரிடம் சாம்பல் முறையிட்டாள். "டாக்டர், இப்படியே போனா நான் செத்துருவேன். எனக்குத் தனித் தொட்டி வேணும்."

"அது ஆம்பளைக்கும்மா. அவன் கோபக்காரன், பாவம்."

"அப்போ இவளுங்களுக்கு வர்றது என்ன, கொட்டாவியா?"

"நீங்கெல்லாம் அக்கா தங்கச்சிங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா?"

ஆயினும் கரடியார் கல்நெஞ்சர் அல்லர். கைப்பேசியில் நிபுணர் ஒருவரின் வீடியோவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "கூட்டம் பத்தலையாம், அம்மா! ஆள் கூடினா ஆளுக்குக் கடி குறையுமாம்!"

மறுநாள் எலுமிச்சை வந்து சேர்ந்தாள். விரல் நகத்தளவே இருந்தாள்.

"அக்கா, இவங்க ஏன் இப்படி முறைக்கிறாங்க? நான் எங்க ஒளியட்டும்?"

சாம்பலுக்கு நெஞ்சு இளகியது. சட்டியைக் காட்ட வாய் திறந்தாள்.

அந்நேரம் பார்த்து இரை விழுந்தது. நால்வரும் எலுமிச்சையின்மேல் பாய்ந்தார்கள். சாம்பல் மெல்ல மேலே எழும்பினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாய் உண்டாள். இன்னொன்று. வாழ்வில் முதன்முறையாக வயிறு புடைத்தது. இறங்கி வந்தபோது, சட்டி வாசலில் எலுமிச்சை கிழிந்த வாலோடு நின்றாள்.

"அக்கா, நானும் உள்ள வந்துக்கட்டுமா?"

சட்டிக்குள் மூவருக்குத் தாராளமாக இடமிருந்தது.

"இடமில்லம்மா," என்றாள் சாம்பல். சொன்னதோடு நிற்காமல் ஒரு கடியும் வைத்தாள். சிறியதுதான், பழக்கமில்லை அல்லவா?

அதன்பின் சாம்பலின் வால் வளர்ந்தது, மேனி தேறியது. தொட்டி மகளிர் ஒற்றுமைச் சங்கத்துக்கு இன்று அவளே செயலாளர். பெண்ணுக்குப் பெண்ணே துணை என்று நன்றாகப் பேசுகிறாள். புதிய உறுப்பினர்கள் வேண்டுமென்று கரடியாரிடம் ஓயாமல் மனு கொடுக்கிறாள்.

நீதி: புதிதாக வருபவளை மனமார வரவேற்பீர்; உங்கள் பங்குக் கடியை வேறு யார்தான் வாங்கிக்கொள்வார்?