வக்கீல் குப்புராஜும் எங்கள் வண்டிப்பாதையும்

செவ்வாப்பேட்டை,
14-3-1955

மரியாதைக்குரிய மச்சான் அசன் முகைதீன் அவர்களுக்கு, அப்துல் வஹாப் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையில் நானும் உங்கள் தங்கை பீவி ஜானும் உடம்புக்குக் குறைவின்றி இருக்கிறோம். குறையெல்லாம் மனசுக்குத்தான். காரணம், நீங்கள் கைகாட்டிய திருவள்ளூர் வக்கீல் குப்புராஜ்.

பக்கத்து மனை ஆசீர்வாதம் நம் வண்டிப்பாதையை முள்வேலி போட்டு அடைத்தது உங்களுக்குத் தெரியும். மகள் சைதாவுக்கு எட்டாம் மாதம். அடுத்த வாரம் பிரசவத்துக்கு வருகிறாள். வண்டி வாசலுக்கு வராவிட்டால் வயிற்றுப் பிள்ளையோடு வரப்பு மேல் நடந்துதான் வர வேண்டும். அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன மாதம் இதைச் சொல்லத்தான் வக்கீலிடம் போனேன், "ஆசீர்வாதம் வேலி போட்டு..." என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் "புரிஞ்சுது பாய், ஆக்கிரமிப்பு கேசு" என்று குமாஸ்தா தானியேலுக்கு இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்துவிட்டார், நான் "பாதைங்க" என்கிறேன், "குறுக்க பேசாதீங்க" என்கிறார், என் கேசில் நானே குறுக்கே வந்தவனாகி, தானியேல் விரல் வைத்த இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

இங்கிலீஷ் தெரிந்த நம் ஸ்டேஷன் டிக்கெட் கிளார்க்கிடம் அந்த மனுவின் நகலைக் காட்டினேன். "இன்னா பாய், ஆசீர்வாதத்தோட பத்து சென்ட் மனையும் உங்களுதுன்னு எழுதிகீது. பாதைய பத்தி ஒரு வரி இல்லியே" என்றார். காய்ச்சல் என்று போனவனுக்குப் பல்லைப் பிடுங்கி அனுப்பின கதை. மறுநாளே வக்கீலிடம் ஓடினேன். "மொதல்ல கேசு நிக்கட்டும் பாய், பாதையெல்லாம் அப்பால" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வக்கீல் பரீட்சையில் வாயை மட்டும்தான் சோதிப்பார்கள் போலிருக்கிறது. காதையும் சோதித்தால் பாதிப்பேர் தேறமாட்டார்கள்.

உங்கள் தங்கையோ, "அவரு காதுல வாங்கலன்னா நீங்க ஏன் கையெழுத்து போட்டுகினு வந்தீங்க?" என்கிறாள். ஆகவே மச்சான், கட்சிக்காரன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கிற வேறு வக்கீல் ஒருவரை உடனே பார்த்துக் கொடுக்கவும்.

மச்சிக்கு ஸலாம். பிள்ளைகள் நீடூழி வாழ எங்கள் துஆ.

இப்படிக்கு,
அப்துல் வஹாப்

பி.கு.: கவரை ஒட்டும்போது ஆசீர்வாதம் வந்தார். சம்மன் கிடைத்ததாம், வேலியை அவரே பிடுங்கிவிட்டார். "பாதைய உட்டுட்டேன் பாய், மனைய உட்டுடுங்க" என்று கும்பிட்டார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். எல்லாம் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். வேறு வக்கீல் தேட வேண்டாம். அந்தப் பத்து சென்ட் எப்போது நம் கைக்கு வரும் என்று மட்டும் குப்புராஜிடம் கேட்டு எழுதவும்.