நேஷனல் இன்சூரன்ஸில் நான் எடுத்த சீட்டு

லண்டனில் ஒருமுறை சைரன் போட்ட அம்புலன்ஸில் போயிருக்கிறேன். அப்போது எனக்கு எந்த நோயும் இருக்கவில்லை. இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள முப்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. (வாயால் ஒப்புக்கொள்ள ஒரு நாள்தான் எடுத்தது. அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். கிங்ஸ்பரியில் ஒரு பெற்றோல் செட்டில் கல்லாவில் நின்றேன். ரெய்னர்ஸ் லேனில் தவம் அண்ணையின் வீட்டில் ஒரு அறை. ஊரில் கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டைப் பிரித்தால் வைத்தியத்துக்கும் பென்சனுக்கும் என்று அரசாங்கம் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் கழிவு போன மாதத்தைவிடக் கூடியிருந்தது. பெரிய தொகை இல்லைத்தான். ஆனால் கைக்கு வந்து செலவான காசைவிட, கைக்கு வராமலே போன காசு வயிற்றை அதிகம் எரிக்கும். நான் தவம் அண்ணையிடம் போனேன்.

தவம் அண்ணை சீட்டு நடத்துபவர். பத்துப் பேர் மாதா மாதம் கட்டுவோம், ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். உலகத்தில் உள்ள எல்லாக் கொடுக்கல் வாங்கலும் அவருக்குச் சீட்டுத்தான்.

"எத்தினை வருசமாக் கட்டுறாய்?" என்று கேட்டார்.

"நாலு வருசம்."

"எத்தினை தரம் டொக்டரிட்டப் போனனி?"

"ஒருக்காலும் போகேல்லை அண்ணை."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நாலு வருசமாச் சீட்டைக் கட்டிப்போட்டு எடுக்காமல் இருக்கிறாய். உன்னை மாதிரிப் பேயரை நம்பித்தான் இந்த நாடு ஓடுது."

எனக்குச் சுள்ளென்று பட்டது. கட்டிவிட்டு எடுக்காதவன் எங்கள் ஆட்களில் எங்கேயாவது உண்டா? அடுத்த முறை கழிவைக் கூட்டுவதற்குள் என் சீட்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தலை முதல் கால்வரை ஒரு முழுச் சோதனை. அது போதும்.

ஆனால் சும்மா போய்க் கேட்டால் தரமாட்டார்கள், ஒரு வருத்தம் சொல்ல வேண்டும் என்றார் அண்ணை. வயிறு என்று சொன்னால் வாய்க்குள்ளால் குழாய் விடுவார்கள். முதுகு என்றால் இரண்டு குளிசையைத் தந்து அனுப்பிவிடுவார்கள். "நெஞ்சு எண்டு சொல்லு. எல்லா மெஷினும் வைப்பாங்கள்" என்றார்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மோர்டனில் இருந்த வதனி என்ற பெண்ணை எனக்குப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. அடுத்த ஞாயிறு அவளுடைய அப்பா வந்து நாள் குறிப்பதாக இருந்தது. இரண்டு முறைதான் அவளைப் பார்த்திருந்தேன். இரண்டாம் முறை, நான் தேநீருக்குள் நாலு கரண்டி சீனி போட்டதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு கல்லாவில் எத்தனை பேருக்கு மிச்சக் காசைக் கூட்டிக் கொடுத்தேனோ தெரியாது. இவ்வளவு ஆசையை மனதில் வைத்துக்கொண்டு, கலியாணம் பேசும் வாரத்தில் நெஞ்சு நோ என்று டொக்டரிடம் போன ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

டொக்டர் அம்மா மதுரைப் பக்கத்தவர். "வாங்க, உக்காருங்க. எங்க வலிக்குது?" என்றார்.

"நெஞ்சு."

"இடது கைக்கு இழுக்குதா?"

"ஓம்." (கேட்டதற்கெல்லாம் ஓம் சொன்னால் சோதனைகள் கூடும் என்பது என் கணக்கு.)

"தாடைக்கு?"

"ஓம்."

"மூச்சு வாங்குதா?"

"ஓம்."

"ரொம்ப வேர்த்திருக்கே" என்றார். வேர்த்தது உண்மை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத உடம்பு அது. நான் நாலாவது ஓமைச் சொல்ல முதல் டொக்டர் அம்மாவின் கை தொலைபேசிக்குப் போய்விட்டது.

"டொக்டர், எனக்கு இப்ப கொஞ்சம் பரவாயில்லை" என்றேன்.

"பேசாதீங்க. எந்திரிக்கவே கூடாது. நான் பாத்துக்கறேன்" என்று ஒரு அஸ்பிரினை வாய்க்குள் போட்டுச் சப்பச் சொன்னார். வெளியே மழை. காத்திருந்த மற்ற நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு, என் தலைக்கு மேல் தன்னுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸ் வரைக்கும் கூட வந்தார். அவர் தலை நனைந்தது. நான் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக என் நெஞ்சு மயிரைச் சிரைத்தார்கள். வயர் ஒட்ட வேண்டுமாம். ஒட்டிய ஒரு நேர்ஸ் என்னை "டார்லிங்" என்று கூப்பிட்டார். பிறந்த நாள் தொட்டு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், சாப்பாடு தந்தார்கள். சீட்டின் பெறுமதி கடகடவென்று ஏறுவது எனக்கே பயமாக வந்தது. இவ்வளவுக்கும் நான் கட்டியது போதுமா என்று அந்த நேர்ஸிடமே கேட்டேன். அவர் விளங்காமல் பார்த்தார். பிறகு, இங்கே யார் எவ்வளவு கட்டினார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை, ஒரு சதமும் கட்டாதவருக்கும் இதே கட்டில்தான், பேசாமல் படு டார்லிங் என்றார். என் நாலு வருடக் கணக்கு அங்கேயே பொறிந்து விழுந்தது.

எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் நாளைவரை வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

இதற்கிடையில் டொக்டர் அம்மா நான் இருந்த வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தார். திட்டத்தைப் போட்டுத் தந்த தவம் அண்ணையாவது விஷயத்தை விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அழுதுகொண்டு வந்தார். "டேய், நடிக்கப்போய் உனக்கு உண்மையா வந்திட்டுதேடா. என்ர நாக்குத்தான்ரா கரி நாக்கு." நான் காதுக்குள் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்களே, வெள்ளைக்காரன் சும்மா ஏற்றுவானோ என்றார். வீட்டிலிருந்து வெளிக்கிட முதலே தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் எடுத்துச் சொல்லியும்விட்டார். அடுத்த நாள் பார்வையாளர் நேரத்துக்குள் என் கட்டிலைச் சுற்றி ஐந்து ஹோர்லிக்ஸ் போத்தலும் ஒரு கடைக்குப் போதுமான தோடம்பழமும் சேர்ந்திருந்தன.

செய்தி மோர்டனுக்கும் போனது. கடைசியாக வதனியும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. இருந்தவர்கள் மெல்ல எழும்பிப் போனார்கள். சம்பந்தத்தை முறிக்கத்தான் வருகிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும்தான்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "தம்பி, ஒளிக்காமல் கதைப்பம். மகளிட்டக் கேட்டனான். யோசிக்க வேணும் எண்டவள். அவள் என்ன சொன்னாலும் நான் மறிக்கமாட்டன்" என்றார். பிறகு பைக்குள் இருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்து என் மடியில் வைத்தார். "அது வேற கதை. இது உமக்குத் தேவைப்படும். போன வருசம் எனக்கு பைபாஸ் செய்தவங்கள். இருமல் வந்தால் இதை நெஞ்சோட இறுக்கி அணைச்சுக்கொள்ளும். நோகாது."

அந்தத் தலையணையில் கை வைத்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நொந்தது. சொல்லாவிட்டால் இருதயக்காரன், சொன்னால் பொய்க்காரன். இரண்டிலும் வதனி இல்லை. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த மனுசனின் தலையணையை வைத்துக்கொண்டு என்னால் படுத்திருக்க ஏலாது.

எல்லாவற்றையும் சொன்னேன். சம்பளச் சீட்டு, கூட்டிய கழிவு, தவம் அண்ணை, மூன்று ஓம். எதையும் விடவில்லை.

முதலில் வாய் திறந்தது வதனி. "அப்ப நெஞ்சு நல்லா இருக்கோ?"

"ஓம்."

"மூளைதான் காணாது."

அவளுடைய அப்பா சிரிக்கவில்லை. மெதுவாகச் சேட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். கழுத்துக்குக் கீழே தொடங்கி நீளமாக ஒரு தழும்பு.

"இஞ்சதான் வெட்டினவங்கள். அஞ்சு மணித்தியாலம். ஒரு சதம் கேக்கேல்லை. நான் வேலையில்லாமல் இருந்த நேரம், கட்டினதும் பெரிசா இல்லை. ஆரின்ர காசிலை உயிரோட இருக்கிறன் எண்டு பலநாள் யோசிச்சிருக்கிறன்." என் கையைப் பிடித்தார். "இண்டைக்குத்தான் கட்டின ஆள் ஒருத்தரைக் காணுறன். பெரிய உபகாரம் தம்பி."

பகிடியாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் அழுதுவிட்டேன். மெஷின் கீச்சிட, அந்த நேர்ஸ் ஓடி வந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது கடிதத்தில் 'இருதயம் நலம்' என்று எழுதியிருந்தார்கள். வதனி அதை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். யோசித்து முடித்துவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. டொக்டர் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நல்லவேளை, பொய்யா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கும் அவரை நினைத்தால் கை தானாகக் குவியும்.

கலியாண வீட்டில் மாமா என்னை எல்லோருக்கும் "என்ர நெஞ்சுக்குக் காசு கட்டினவர்" என்றே அறிமுகம் செய்தார். அதன்பின் பதினேழு வருடம் இருந்தார். எப்போது கழிவைக் கூட்டினாலும் அன்று போன் வரும். "தம்பி, கூட்டிப்போட்டாங்களாம். குறை நினையாதையும். எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்க விருப்பம்."

"இருங்கோ மாமா, நான் கட்டுறன்" என்பேன். எங்கள் வீட்டில் நேஷனல் இன்சூரன்ஸுக்கு 'மாமாவின்ர காசு' என்றே பெயராகிவிட்டது.

மகள் வேலைக்குப் போய் முதல் சம்பளச் சீட்டோடு வந்து, "அப்பா, இவ்வளவு வெட்டியிருக்கிறாங்கள், இது என்ன?" என்று கோபமாகக் கேட்டாள்.

"அது மாமாவின்ர காசு" என்றாள் வதனி.

"அம்மப்பாதான் இப்ப இல்லையே."

"ஆரோ ஒருத்தரின்ர மாமா இப்பவும் அந்தக் கட்டிலிலை படுத்திருப்பார்" என்றேன். "கட்டு பிள்ளை."